சைலேஜ் கெட்டிருக்கிறதா? தவறு எந்த நாளில் நடந்தது என்று அறிகுறியை வைத்துப் பிடிப்பது எப்படி

பசுந்தீவனத்தைக் காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்கவைப்பதுதான் சைலேஜ்; இறுக்கிக் கட்டிய கட்டு பேல், அதன் மேல் சுற்றும் பிளாஸ்டிக் தாள் பிலிம். பேலைத் திறந்ததும் பூஞ்சணமோ நாற்றமோ முகத்தில் அடித்தால் முதலில் பிலிம் மேல் சந்தேகம் வரும், அடுத்து புளிப்பதற்காகக் கலந்த கிருமிப் பொடி மேல். அவையும் காரணமாக இருக்கலாம், ஆனால் நான் திறந்து பார்த்த கெட்ட பேல்களில் அது குறைவு. பயிரை வெட்டிய நாள், கட்டிய நாள், சுற்றிய நாள், அடுக்கி வைத்திருந்த மாதங்கள், திறந்த பிறகு வந்த நாட்கள் என்று ஐந்து கட்டம் இருக்கிறது. தவறு இதில் ஒன்றில்தான் நடந்திருக்கும், ஒவ்வொரு கட்டத்துத் தவறும் தனக்கென்று ஒரு வாசனையையும் நிறத்தையும் இடத்தையும் விட்டுவிட்டுப் போகும். அதைப் படிக்கத் தெரிந்தால் அடுத்த அறுவடையில் எதை மாற்றுவது என்பது தெளிவாகிவிடும். படிக்காமல் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தால் காசு போகும், கோளாறு அப்படியே இருக்கும்.

ஓட்ஸ், பார்லி, கோதுமை, மக்காச்சோளம், சோளம் மாதிரியான தானியப் பயிரை முழுச் செடியாக வெட்டிச் செய்யும் சைலேஜைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன். பெரும்பாலும் பிலிம் சுற்றிய பேல், பயிரை நறுக்கிப் போட்டு மிதித்து மூடும் குழிக்கு வேறுபடும் இடத்தில் அதையும் சொல்கிறேன். தானியப் பயிர் புல் மாதிரி நடந்துகொள்ளாது. ஓட்ஸ், பார்லி, கோதுமைத் தண்டு உள்ளே குழல், ஒவ்வொன்றும் கொஞ்சம் காற்றைச் சுமந்துகொண்டுதான் பேலுக்குள் வருகிறது. வெட்டிய தாளின் முனை ஊசி மாதிரி பிலிமைக் குத்தும். கதிரில் மணி இருப்பதால் எலியும் பறவையும் தேடி வரும். புல்லுக்குச் சரியாகப் போன நாலு அடுக்குச் சுற்று தானியப் பயிரில் கைவிடுவது இதனால்தான்.

முதலில், நல்லது எப்படி இருக்கும்

நல்ல சைலேஜ் மஞ்சள் கலந்த பச்சை அல்லது வெளிர் பழுப்பு நிறத்தில் இருக்கும், இலை எது தண்டு எது என்று பிரித்துப் பார்க்க முடியும். வாசனை இதமான புளிப்பு, மூக்கை எரிக்காது. கையில் பிசைந்தால் வழவழப்பு இருக்காது, கழுவிய பிறகு கையில் நாற்றம் ஒட்டியிருக்காது. புளிப்பை அளக்கும் பி.எச். தாள் (எண் குறைந்தால் புளிப்பு அதிகம்) இருந்தால் கொஞ்சம் சைலேஜைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து அந்த நீரில் தோய்த்துப் பாருங்கள். ஈரமான மக்காச்சோளத்தில் 3.8 முதல் 4.2 வரை வரும். உலர்ந்த பேல்களில் 4.5 தாண்டி 4.8 வரை போனாலும் பயப்பட வேண்டாம், ஈரம் குறைந்தால் அமிலமும் குறைவாகத்தான் உருவாகும். ஈரமான சைலேஜில் அதே 4.8 வந்தால் அது கெட்ட செய்தி. அதனால் பி.எச்.சைத் தனியாகப் பார்க்காதீர்கள், ஈரத்தோடு சேர்த்துப் பாருங்கள்.

ஈரத்தை அளக்கக் கை போதும். ஒரு பிடி நறுக்கிய பயிரை அரை நிமிடம் இறுக்கிப் பிடித்து விடுங்கள். விரலிடுக்கில் சாறு வடிந்தால் உலர்பொருள் (தண்ணீரெல்லாம் போக மிஞ்சும் பங்கு) 25 சதவீதத்துக்கும் கீழே. உருண்டை அப்படியே நின்று கை மட்டும் நனைந்தால் 25 முதல் 30. உருண்டை மெதுவாக விரிந்தால் 30 முதல் 40. விட்டதும் உதிர்ந்தால் 40க்கு மேல். துல்லியம் வேண்டுமென்றால் 100 கிராம் எடுத்து மைக்ரோவேவில் ஒரு கோப்பைத் தண்ணீரோடு வைத்து, எடை குறைவது நிற்கும் வரை சிறிது சிறிதாகச் சூடாக்குங்கள். கடைசியில் மிஞ்சிய கிராம்தான் உலர்பொருள் சதவீதம். குழிக்கு 30 முதல் 35, பேலுக்கு 40 முதல் 55, இந்த எண்களை மனதில் வையுங்கள்.

சுற்றிய மறுநாளே பேல் பலூன் மாதிரி உப்புகிறது

கோளாறு ஒன்றும் இல்லை. உள்ளே மிச்சமிருந்த காற்றைப் பயிரும் நுண்ணுயிரும் தின்று கரியமில வாயுவை விடுகின்றன, சில நாளில் தானே அடங்கிவிடும். உப்புவது பிலிம் காற்றைப் பிடித்து நிறுத்துகிறது என்பதற்கு அடையாளம்கூட. ஊசியால் குத்தி வாயுவை வெளியே விடுகிறார்கள் சிலர், தயவுசெய்து செய்யாதீர்கள். உப்பியிருக்கும் சமயத்தில் பேலைத் தூக்கி இடம் மாற்றவும் வேண்டாம். நகர்த்துவதென்றால் சுற்றிய அன்றே நகர்த்திவிடுங்கள், முடியவில்லையென்றால் நாலைந்து வாரம் கழித்து.

பூஞ்சணம் ஒரே ஒரு இடத்தில், தட்டு மாதிரி வட்டமாக

பிலிமில் ஓட்டை. அடுக்கி வைத்த மாதங்களில் நடந்த தவறு, அல்லது நகர்த்திய நாளில்.

ஒரு பார்லி பேலை இப்படித்தான் பிரித்துப் பார்த்தேன். வெளியே பார்த்தால் ஒன்றுமே இல்லை, விரலால் தடவியபோதுதான் ஓர் இடத்தில் பிலிம் லேசாகச் சுரசுரவென்று பட்டது. பேனா முனை நுழையும் அளவு ஓட்டை, உள்ளேயிருந்து ஒரு தாள் முனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பிலிமைக் கிழித்தால் பின்னால் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வெள்ளையும் நீலப்பச்சையுமாகப் பூஞ்சணம், ஒரு சாண் ஆழத்துக்குப் பயிர் கறுத்துச் சோப்பு மாதிரி வழுக்கியது. அதைச் சுற்றி இரண்டு விரல் தூரத்துக்குச் சூடு, அதற்கும் அப்பால் நல்ல சைலேஜ். ஓட்டையின் அளவுக்கும் சேதத்தின் அளவுக்கும் தொடர்பு இருக்காது என்பதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். ஓட்டை எத்தனை நாள் திறந்திருந்தது என்பதுதான் கணக்கு.

ஓட்டையின் ஓரத்தைப் பாருங்கள், யார் செய்தது என்று தெரிந்துவிடும். உள்ளேயிருந்து வெளியே தள்ளியிருந்தால் தாள் முனை. கொறித்த மாதிரி ஒழுங்கில்லாமல் இருந்து கீழ்ப்பகுதியில் இருந்தால் எலி. மேல்பக்கம் கூட்டம் கூட்டமாக முக்கோணக் கிழிசல் இருந்தால் பறவை அலகு. நீளமான கீறல் என்றால் பேலைத் தூக்கிய இயந்திரம், அல்லது தரையில் கிடந்த கல், அறுத்த வயலின் கட்டை. தாள் முனைதான் காரணம் என்றால் ஒட்டுப்போடுவதால் தீராது, அடுத்த முறை ஆறு அடுக்குக்குக் குறையாமல், முரட்டுத் தண்டு உள்ள பயிருக்கு எட்டு அடுக்கு சுற்ற வேண்டும். எலி என்றால் பேலைச் சுற்றி இரண்டு மூன்று மீட்டர் புல் பூண்டு இல்லாமல் சுத்தமாக வைப்பது, சிந்திய மணியைக் கூட்டி எடுப்பது, பேல்களை நெருக்கிப் புதர் மாதிரி குவிக்காமல் இருப்பது. பறவைக்கு வலை போடலாம், ஆனால் பிலிமைத் தொடாமல் உயர்த்திப் போடுங்கள். ஒட்டிக் கிடந்தால் வலைக்கு மேலேயே உட்கார்ந்து கொத்தும்.

ஓட்டையைப் பார்த்த அன்றே மூடுங்கள். இடத்தைத் துடைத்து நன்றாக உலரவிட்டு, சைலேஜுக்கென்று விற்கும் வெயில் தாங்கும் நாடாவை ஒட்டுங்கள். அட்டைப் பெட்டிக்கு ஒட்டும் சாதாரண நாடா வெயிலில் சில வாரத்தில் உரிந்துவிடும், மூடியிருக்கிறது என்ற நம்பிக்கையில் நீங்களும் பார்க்க மறந்துவிடுவீர்கள், சேதம் இரட்டிப்பாகும். வாரத்துக்கு ஒருமுறை பேல் வரிசையைச் சுற்றி நடப்பதைவிடப் பெரிய மருந்து இந்தத் தொழிலில் எனக்குத் தெரியவில்லை.

சின்ன பேல் செய்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1.2 மீட்டர் விட்டமும் அதே நீளமும் உள்ள உருளைப் பேலில் வெளிப்புறம் 15 செ.மீ. கனத்துக்குள் இருக்கும் தீவனம் மொத்தத்தில் 58 சதவீதம். 60 செ.மீ. விட்டமும் அதே உயரமும் உள்ள பேலில் அது 87 சதவீதத்தைத் தாண்டுகிறது. அதாவது சின்ன பேலில் உள்பக்கம் என்று ஒன்று கிடையவே கிடையாது, எல்லாம் ஓரம்தான்.

பேலைச் சுற்றிலும் மெல்லிய வெள்ளைப் பூஞ்சணம், ஓட்டை எங்கும் இல்லை

சுற்றிய நாள் தவறு. அடுக்கு போதவில்லை, அல்லது பிலிம் அளவுக்கு மீறி இழுபட்டிருக்கிறது, அல்லது கட்டியதற்கும் சுற்றியதற்கும் இடையே நேரம் போய்விட்டது.

அடுக்கை எப்படிச் சரிபார்ப்பது? பேலில் ஓர் இடத்தில் சதுரமாக வெட்டியெடுத்து ஒவ்வொரு பிலிமாகப் பிரித்து எண்ணுங்கள். இயந்திரத்தின் எண்ணிக்கைக் கருவி சொன்னதை நம்ப வேண்டாம், பிலிம் பாதிக்குப் பாதி ஒன்றன்மேல் ஒன்று ஏறவில்லையென்றால் சில பட்டைகளில் ஆறுக்குப் பதில் நாலுதான் இருக்கும். இழுவையைச் சரிபார்க்க, சுருளில் 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடு போட்டு ஓடவிடுங்கள். பேலின் மேல் அந்த இடைவெளி 17 செ.மீ. இருந்தால் 70 சதவீத இழுவை, சரி. 19, 20 என்று காட்டினால் 25 மைக்ரான் பிலிம் மெலிந்துபோய் நீங்கள் சுற்றிய ஆறு அடுக்கு ஏறக்குறைய ஐந்து அடுக்கின் வேலையைத்தான் செய்கிறது. வெயிலில் கிடந்த சுருள் மென்மையாகி அதிகம் இழுபடும். சுருளை நிழலில் வையுங்கள், முனை நசுங்கிய சுருளை ஓட்டாதீர்கள். மழையில் சுற்றினால் பிலிமின் பசை பிடிக்காது, அடுக்குகளுக்கிடையே காற்று நடமாடும்.

நேரம் பற்றி: கட்டியதும் உடனே சுற்றுவது உத்தமம், அதிகபட்சம் 12 மணி நேரம். கட்டிய பேல் சும்மா கிடக்கும் ஒவ்வொரு மணிக்கும் பயிர் மூச்சு விட்டுச் சர்க்கரையை எரிக்கிறது, சைலேஜைக் கெடாமல் காக்கும் லாக்டிக் அமிலம் உண்டாக வேண்டிய சர்க்கரை அது. இரவெல்லாம் கிடந்த பேலின் நடுவில் கம்பி வெப்பமானியைச் செருகிப் பாருங்கள், 50 டிகிரி நெருங்கியிருந்தாலும் ஆச்சரியமில்லை. ஆகவே சுற்றக்கூடிய அளவுக்கு மட்டும் கட்டுங்கள், கட்டக்கூடிய அளவுக்கு மட்டும் வெட்டுங்கள். எண்ணெய் தோய்த்த சணல் கயிற்றால் கட்டியிருந்தால் அந்த எண்ணெயே பிலிமை அரிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள், கயிற்றுத் தடத்திலேயே வரிவரியாகப் பூஞ்சணம் வந்தால் அதுதான்.

அப்புறம், உருளைப் பேலைப் படுக்க வைக்காமல் தட்டைப் பக்கம் தரையில் படும்படி நிமிர்த்தி வையுங்கள். சுற்றும்போது இரண்டு தட்டை முனைகளிலும் பிலிம் அதிகமாகக் குவியும், தாங்கும் பக்கம் அதுதான்.

பூஞ்சணம் உள்ளே, நடுவில்

இது கட்டிய நாள், அல்லது அதற்கும் முன்னால் வெட்டிய நாள். பயிர் முற்றி உலர்ந்துவிட்டது, பேல் தளர்வாக விழுந்திருக்கிறது, உள்ளேயே காற்று பூட்டிக்கொண்டது. பிலிம் எத்தனை அடுக்கு சுற்றினாலும் உள்ளே இருக்கும் காற்றை அது என்ன செய்யும்? பேலின் மேல் கட்டை விரலை அழுத்துங்கள், சுலபமாக அமுங்கினால் தளர்வு. தீர்வு மெதுவாக ஓட்டுவது, பேலரின் (பேல் கட்டும் இயந்திரம்) அழுத்தத்தைக் கூட்டுவது, வெட்டுக்கத்தி உள்ள பேலர் என்றால் கத்தியைப் போடுவது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பருவம். ஓட்ஸும் பார்லியும் மணியில் பால் ஏறி மாவாக மாறும் கட்டத்தில் வெட்ட வேண்டியவை; மணி கெட்டியாகி வைக்கோல் நிறம் வந்த பிறகு அதை பேல் சைலேஜாக்க முயன்றால் ஒவ்வொரு குழல் தண்டும் உங்களுக்கு எதிராக வேலை செய்யும். அந்த நிலைமையில் நறுக்கிக் குழியில் போட்டு மிதிப்பது, அல்லது மணிக்கு விட்டுவிடுவது நல்லது.

வாந்தி நாற்றம், வழவழப்பு, ஆலிவ் பச்சை நிறம்

எனக்கு மிகவும் வருத்தம் தருகிற கோளாறு இது, ஏனென்றால் திருத்த வழியில்லை. நாற்றம் கையிலும் சட்டையிலும் ஒட்டிக்கொண்டு வீடு வரை வரும். கிளாஸ்ட்ரிடியா என்ற பாக்டீரியா லாக்டிக் அமிலத்தையே தின்று பியூட்டிரிக் அமிலமாக்கிவிட்டது, புரதத்தை உடைத்து அம்மோனியா ஆக்கிவிட்டது. பூஞ்சணம் இருக்காது, ஓட்டை இருக்காது, பிலிம் கச்சிதமாக இருக்கும். அதனால்தான் பலர் குழம்பிப்போகிறார்கள். இந்தக் கிருமிக்குக் காற்று பிடிக்காது, நீங்கள் காற்றை அடைத்தது அதற்கும் வசதிதான். அதைத் தடுப்பது இரண்டே விஷயம்: அமிலம், வறட்சி.

தவறு வெட்டிய நாளில். ஒன்று, உலர்பொருள் 30 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போதே கட்டியிருக்கிறீர்கள். இரண்டு, மண் சேர்ந்திருக்கிறது. கிளாஸ்ட்ரிடியாவின் வித்துக்கள் மண்ணிலும் சாணத்திலும் இருக்கின்றன, தரையோடு ஒட்ட வெட்டினால், வெட்டிய பயிரை வரிசையாகக் கூட்டும் ரேக் தரையைச் சுரண்டினால், எலிவளை மண்ணை இயந்திரம் வாரினால் உள்ளே வந்துவிடும். வெட்டும் உயரத்தை 8 முதல் 10 செ.மீ.க்கு உயர்த்துங்கள், போகிற கொஞ்சம் தண்டுக்காக வருத்தப்பட வேண்டாம், அடித்தண்டில் சத்தும் குறைவு. தொழுவுரம் போட்ட வயல் என்றால் இன்னும் உயர்த்துங்கள். ஈரமாகத்தான் கட்டியாக வேண்டும் என்ற நிலையில் (மழை துரத்துகிறது என்று வையுங்கள்) வெல்லப்பாகுக் கழிவு சேர்ப்பதும் லாக்டிக் பாக்டீரியா தூவுவதும் அமிலம் சீக்கிரம் உண்டாக உதவும்.

அமிலம் இந்தக் கிருமியை நிறுத்தும் என்பதை முதலில் தீவிரமாகப் பயன்படுத்தியவர் பின்லாந்து வேதியியலாளர் ஏ. ஐ. விர்த்தனென். பசுந்தீவனத்தில் கனிம அமிலத்தைச் சேர்த்து பி.எச்.சை 4க்குக் கீழே இறக்கும் அவருடைய முறைக்கு அவர் பெயரின் முதலெழுத்துக்களே பெயரானது, 1945-இல் வேதியியல் நோபல் பரிசும் கிடைத்தது. இன்றைக்கு நாம் தூவும் பாக்டீரியா அதே வேலையைச் செடியின் சர்க்கரையிலிருந்து செய்கிறது, சர்க்கரை இருந்தால்.

இந்த பேலை என்ன செய்வது? கன்று ஈனப் போகும் மாட்டுக்கும் புதிதாக ஈன்ற மாட்டுக்கும் கண்டிப்பாக வேண்டாம், இரத்தத்தில் கீட்டோன் ஏறும் கீட்டோசிஸ் நோய் வரும் ஆபத்து அவற்றுக்குத்தான் அதிகம். லேசான நாற்றம் என்றால் பிரித்துப் பரப்பி ஓரிரு மணி நேரம் காற்றாடவிட்டால் பியூட்டிரிக் அமிலம் கொஞ்சம் பறந்துபோகும், ஈனும் நாள் நெருங்காத, வளர்ந்த கறவை வற்றிய மாட்டுக்குக் குறைந்த அளவில் கலந்து கொடுப்பவர்கள் உண்டு. நாற்றம் கடுமையென்றால் உரக்குழிதான்.

புகையிலை வாசனை, அடர் பழுப்பு

காய்ச்சிய சர்க்கரைப் பாகு வாசனை என்றும் சொல்லலாம். மாடுகள் ஆசையாகத் தின்னும். தின்கிறதே என்று ஏமாறாதீர்கள். பேல் சூடேறி, சர்க்கரையும் புரதமும் ஒன்றோடொன்று பிணைந்துகொண்டன, அந்தப் புரதம் மாட்டுக்குச் செரிக்காமல் சாணத்தோடு போகும். ஆய்வகத்தில் மொத்தப் புரதம் பார்த்தால் எண் நன்றாகவே வரும், செரிக்காத புரதத்தையும் தனியாக அளக்கச் சொல்லுங்கள். காரணம் மேலே சொன்ன இரண்டில் ஒன்று: உலர்ந்த தளர்வான பேல், அல்லது தாமதமாகச் சுற்றியது. தீவனமாகக் கொடுக்கலாம், புரதத்தை வேறு வழியில் ஈடுகட்ட வேண்டும்.

சாராய வாசனை, அல்லது மூக்கை எரிக்கும் காடி வாசனை

இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறார்கள், ஆனால் ஒன்றில்லை. சாராய வாசனை ஈஸ்ட்டின் வேலை. பேலோ குழியோ திறந்ததும் சீக்கிரம் சூடாகப் போகிறது என்பதற்கு முன்னறிவிப்பு, வேகமாகத் தீர்க்கத் திட்டமிடுங்கள். காடி வாசனை அசெட்டிக் அமிலம். அதிகம் இருந்தால் மாடு கொஞ்சம் குறைவாகத் தின்னும், ஆனால் அந்த அமிலம்தான் ஈஸ்ட்டையும் பூஞ்சணத்தையும் அடக்கி, திறந்த பிறகு சைலேஜ் சூடாகாமல் காப்பாற்றுகிறது. அசெட்டிக் அமிலம் உண்டாக்கும் பக்னெரி வகைப் பாக்டீரியாவை வேண்டுமென்றே தூவுவது இதற்காகத்தான். அது மெதுவாக வேலை செய்யும், 45 முதல் 60 நாள் ஆகும். மூன்றாம் வாரமே திறந்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்வது நியாயமில்லை.

திறக்கும்போது நன்றாக இருந்தது, இரண்டு நாளில் சூடாகிறது

திறந்த பிறகான கோளாறு. காற்று பட்டதும் ஈஸ்ட் விழித்து லாக்டிக் அமிலத்தைத் தின்கிறது, பி.எச். ஏறுகிறது, பின்னாலேயே பூஞ்சணம் வருகிறது. கையை உள்ளே விட்டுப் பாருங்கள், அல்லது வெப்பமானி வைத்து வெளி வெப்பத்தைவிட 5 டிகிரிக்கு மேல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சத்து எரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். தொட்டியில் போட்ட தீவனம் மதியத்துக்குள் வெதுவெதுப்பாகிறது என்றாலும் இதே கதைதான்.

பேலுக்கு விடை சுலபம்: வெயில் காலத்தில் திறந்த பேலை இரண்டு நாளுக்குள் தீருங்கள், குளிரில் நாலைந்து நாள் வரை தாங்கும். உங்கள் மந்தைக்கு அது முடியவில்லையென்றால் பேல் அளவைக் குறையுங்கள், வேறு குறுக்கு வழி இல்லை. குழியில், ஒவ்வொரு நாளும் தீவனம் எடுக்கும் முகம் முழுக்கக் குளிரில் 15 செ.மீ., வெயிலில் 30 செ.மீ. ஆழமாவது எடுக்க வேண்டும். குழி கட்டும்போதே மாடுகளின் எண்ணிக்கையை வைத்து அகலத்தைக் கணக்கிடாமல் அகலமாகக் கட்டிவிட்டால், அந்தக் குழி இருக்கும் வரை இந்தக் கோளாறும் இருக்கும். எடுக்கும் முகத்தை நேராக வழித்து எடுங்கள், குத்திக் குதறிப் பிடுங்காதீர்கள், பிடுங்கினால் ஒரு மீட்டர் உள்ளே வரைக்கும் காற்று போகும்.

பேலின் அடியில், குழியின் வாயில் சாறு ஒழுகுகிறது

உலர்பொருள் 28க்குக் கீழே. சாற்றோடு சர்க்கரையும் தாதுக்களும் போகின்றன. ஓடையிலோ குளத்திலோ கலந்தால் தண்ணீரில் இருக்கும் உயிர்வாயுவை உறிஞ்சி மீன்களைக் கொல்லும் அளவுக்குக் கடுமையானது அது, கிணற்றுப் பக்கம் விடவே கூடாது. குழி எடுத்து அல்லது தொட்டி வைத்துப் பிடியுங்கள். ஈரமான பேல்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாதீர்கள், கீழ்ப்பேல் பிதுங்கி பிலிம் விலகும்.

குழியில் மேலடுக்கும் சுவரோரமும் மட்டும் கறுத்துவிட்டது

மிதிப்பு போதவில்லை, மூடுவது தாமதம், அல்லது சுவரோரம் பிலிம் தொங்கவில்லை. ஒரு தடவைக்கு 15 செ.மீ. கனத்துக்கு மேல் பரப்பாமல் மிதிக்க வேண்டும். டிராக்டர் எடைக்கு ஒரு கணக்கு உண்டு: மணிக்கு எத்தனை டன் பயிர் வருகிறதோ அதை 400 ஆல் பெருக்குங்கள், அத்தனை கிலோ எடை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். மணிக்கு 10 டன் என்றால் 4,000 கிலோ. வண்டி வேகமாக வந்து கொட்டுகிறது, மிதிப்பது ஒரே சின்ன டிராக்டர் என்றால் அன்றைக்கே தோல்வி எழுதப்பட்டுவிட்டது. அறுப்பவரை நிறுத்தி வைக்கத் தயங்கக் கூடாது. மூடும்போது கறுப்பு-வெள்ளை பிலிமின் வெள்ளைப் பக்கம் வெளியே, மேலே டயர்களை ஒன்றையொன்று தொடும்படி நெருக்கி வையுங்கள்.

அந்தக் கறுத்த மேலடுக்கைக் கலந்து தீர்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மக்காச்சோளக் குழியின் கெட்ட மேலடுக்கைக் காளைகளுக்குக் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். சிறிய பங்கு சேர்ந்தாலே தீனி எடுப்பதும் செரிமானமும் குறைந்தன, இரைப்பையில் மிதக்கும் நார்ப்படுகையே சிதைந்துபோனது. கெட்டது தன் அளவுக்கு மட்டும் நஷ்டம் தருவதில்லை, கூடச் சேர்ந்த நல்லதையும் வீணாக்குகிறது. முள்வாரியால் வழித்து எறியும் அந்தக் கால் மணி நேரம் வீண் வேலை இல்லை.

சாணத்தில் முழு மணி, வாயில் புண்

முழு மணி வந்தால் பயிர் முற்றி வெட்டப்பட்டிருக்கிறது, அல்லது மணி உடையவில்லை. மக்காச்சோளத்தில் பால் கோடு (மணியில் கெட்டியான மாவுக்கும் பாலுக்கும் நடுவே தெரியும் கோடு) மணியின் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு இறங்கியதும் வெட்ட வேண்டும், அறுவடை இயந்திரத்தில் மணி நசுக்கும் உருளை இருந்தால் இடைவெளியை நெருக்குங்கள். மக்காச்சோள சைலேஜை மூன்று நாலு மாதம் வைத்திருந்து திறந்தால் மாவுச்சத்து செரிப்பதும் கூடும், மணியின் மாவைச் சுற்றியுள்ள புரதம் குழியில் மெல்ல உடைகிறது. வாயில் எச்சில் வடிகிறது, நாக்கில் ஈறில் புண் என்றால் பார்லி, கோதுமைக் கதிரின் கூர்முடியைச் சந்தேகப்படுங்கள், கூர்முடி விறைக்கும் முன்பே வெட்டியிருக்க வேண்டும்.

இதைப் பார்த்தால் கை வைக்காதீர்கள்

மூன்று விஷயம். குழி மூடிய முதல் மூன்று வாரத்தில் செம்பழுப்பு நிறப் புகை தாழ்வாகப் பரவினாலோ பிளீச்சிங் பவுடர் மாதிரி வாசனை வந்தாலோ அது நைட்ரஜன் டை ஆக்சைடு. நீண்ட வறட்சிக்குப் பின் மழை பெய்து சில நாளிலேயே வெட்டிய பயிரில் நைட்ரேட் அதிகம், அங்கேதான் இது அதிகம் வரும். காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும், நுரையீரலை அரித்துக் கொல்லும். மாடு, நாய், பிள்ளைகள் எல்லாரையும் தூரமாக அனுப்புங்கள். ஒருவர் உள்ளே மயங்கிக் கிடந்தாலும் சுவாசக் கருவி இல்லாமல் இறங்காதீர்கள், மீட்கப் போனவரும் சேர்ந்து விழுந்துவிடுவார். லேசாக மூச்சில் ஏறிவிட்டது, இப்போது ஒன்றும் இல்லை என்று தோன்றினாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள், நுரையீரல் பல மணி நேரம் கழித்தும் வீங்கலாம்.

இரண்டாவது, கிழிந்த பிலிமின் அருகில் மண் கலந்து, பி.எச். 5க்கு மேல் போன பகுதி. லிஸ்டீரியா என்ற நோய்க்கிருமி வளரும் இடம். செம்மறி ஆடு ஒரே பக்கமாக வட்டமடிக்கிறது, காது ஒரு பக்கம் தொங்குகிறது, சினை ஆடு கலைகிறது என்றால் சைலேஜை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். சினை ஆடுகளுக்கு இந்த மாதிரி பேலின் ஓரப் பகுதியை ஒருநாளும் போட வேண்டாம்.

மூன்றாவது, பேலுக்குள் செத்த எலி, பாம்பு, பறவை. உடலை மட்டும் எடுத்து வீசிவிட்டு மீதியைக் கொடுக்கிறார்கள். செத்த உடலில் ஊறும் பாட்டுலிசம் நஞ்சு சாற்றோடு சேர்ந்து பேலில் பரவியிருக்கும், கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாது, மாட்டையும் குதிரையையும் முடக்கிக் கொல்லும். முழு பேலும் போக வேண்டும். கையுறை போட்டு, நாய் தோண்ட முடியாத ஆழத்தில், தண்ணீருக்கு அருகில் இல்லாத இடத்தில் புதையுங்கள். அதே வயலில் அதே நாள் கட்டிய மற்ற பேல்களைத் தொட்டியில் கொட்டும்போது முழுசாகக் கொட்டாமல், கையால் பிரித்துப் பார்த்துப் போடுங்கள்.